சாப்பாட்டோடு ஒரு அறை

ஜெயக்காந்தன் குடும்பத்தோடு கனடாவிலிருந்து வருகிறான் என்று தெரிந்த மறுநாளே ராசமலர் தான் வேலை செய்கிற அரசாங்கக் கச்சேரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். வேறொன்றுக்காகச் சேர்த்து வைத்திருந்த லீவு அது. மகள் துசானி பேராதனையில் படிக்கிறாள். அவளிடம் போய் ஒரு கிழமை நின்று, குளிரில் மரங்களுக்குக் கீழே வேலையில்லாமல் நடந்து திரியலாம் என்று ஆசைப்பட்டிருந்தாள். ஆனால் கணவன் இரத்தினசிங்கத்துக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் இத்தனை வருஷத்துக்குப் பிறகு வரும்போது பேராதனைக் கதையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

திருகோணமலையில், லிங்கநகர் வீட்டில் இருப்பது ஒரேயொரு குளியலறை. அதனால் வந்தவர்கள் உவர்மலைச் சரிவில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி புதிதாக எழும்பியிருந்த ஹோட்டலில் தங்கினார்கள். கீழ்த்தட்டில் இரண்டு அறை, சாப்பாடு இல்லாமல். சாப்பாட்டைச் சேர்க்க வேண்டாம் என்று ஃபோனில் சொன்னவர் இரத்தினசிங்கம். சொந்த அண்ணன் வீடு நடந்து போகிற தூரத்தில் இருக்கும்போது ஹோட்டல்காரன் கையால் சாப்பிடுவதா என்று கேட்டு, தம்பி பதில் சொல்வதற்கு முன்னமே விஷயத்தை முடித்துவிட்டார்.

முதல் நாள் மத்தியானம் ராசமலர் சோறும் விளைமீன் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் சாப்பாட்டுக் கரியரில் அடுக்கி, ஓட்டோ பிடித்துக்கொண்டு ஹோட்டல் வாசலுக்குப் போனாள். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக ஏலாது என்று காவலாளி மறித்துவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான். ஜெயக்காந்தன் இறங்கி வந்து அவனோடு ஆங்கிலத்தில் கொஞ்சம் வாதாடிப் பார்த்தான், எடுபடவில்லை. கடைசியில் எல்லோரும் அவர்களுடைய வான் வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிட்டார்கள். குழம்பு வண்டியின் ஒரு சீற்றில் ஊற்றுண்டது. அதைத் துடைத்தவள் ராசமலர்.

அதன்பிறகு மூன்று நேரமும் வீட்டுக்கே வரத் தொடங்கினார்கள். காலையில் இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் சோறும் நாலைந்து கறியும். இரவில் புட்டு. தம்பியின் பிள்ளைகளில் பெரியவனுக்கு உறைப்பு ஆகாது, அவனுக்கு எல்லாவற்றையும் வேறு சட்டியில் வைக்கவேண்டும். சின்னவள் மீனின் தலையைக் கண்டால் கோப்பையைத் தள்ளிவிடுவாள். ஜெயக்காந்தனின் மனைவி கௌசிகா இரவில் மாச்சாப்பாடு குறைத்திருப்பதாகச் சொன்னதால் அவளுக்குக் குரக்கன் ரொட்டி. ஜெயக்காந்தனுக்கோ நண்டு. சின்ன வயதில் அம்மா வைத்த நண்டுக்கறியின் மணம் அண்ணியின் கையில்தான் இருக்கிறது என்று அவன் சொல்லச் சொல்ல, இரத்தினசிங்கம் விடியற்காலையில் மீன் சந்தைக்குப் போய்ப் பெரிய பெரிய நண்டாகப் பார்த்து வாங்கி வந்தார். பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். அத்தோடு அவருடைய பங்கு முடிந்தது.

ஒருநாள் கௌசிகா கை கழுவிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். இரத்தினசிங்கம் கூடத்திலிருந்தே அவளைத் தடுத்தார். லீவில் வந்த பிள்ளை ஏன் அடுப்படியில் நின்று வேகவேண்டும், வந்து காற்றாட இருக்கச் சொன்னார். கௌசிகா தயங்கித் தயங்கித் திரும்பிப் போனாள். நானும் லீவில்தானே நிற்கிறேன் என்று ராசமலருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அடுப்பில் சொதி பொங்கி வந்ததால் அதைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அவள் சமைக்கப் பிடிக்காதவள் இல்லை. அவள் கையால் சாப்பிட்டவர்கள் அதன் ருசியைச் சொல்லாமல் போனதில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த நாட்களில், மாலை வெயில் இறங்கும்போது குசினி யன்னலுக்குள்ளால் உவர்மலைப் பக்கம் பார்த்தாளென்றால், மரங்களுக்கு மேலே அந்த ஹோட்டலின் மேல்மாடி வெள்ளையாகத் தெரியும். அங்கே பால்கனியில் யாரோ ஒரு பெண் எப்போதும் காலை நீட்டிக்கொண்டு இருப்பதுபோல அவளுக்குப் படும். உண்மையில் அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியாது.

ஒருநாள் பின்னேரம் ஹோட்டலிலிருந்து ஜெயக்காந்தனுக்கு அழைப்பு வந்தது. மேல்மாடியில் துறைமுகம் பார்த்த அறைகள் காலியாக இருக்கின்றனவாம். மூன்று நேரச் சாப்பாட்டோடு சலுகை விலையில் மாற்றித் தரலாமாம். ஜெயக்காந்தன் ஃபோனை வைத்துவிட்டு விஷயத்தைக் கூடத்தில் பரப்பினான். குசினியில் ராசமலர் நண்டைக் கழுவி வைத்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

கௌசிகாவுக்கு மாற விருப்பம். கீழ் அறைகளில் கண்ணாடியைத் திறந்தால் ஜெனரேற்றர் சத்தம் என்றாள். ஜெயக்காந்தன் கணக்குப் பார்க்கிறவன். மேல்மாடி என்றால் சரி, ஆனால் அவர்கள் சாப்பாட்டைச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள், அது தங்களுக்கு நட்டம் என்றான். காலையில் பிள்ளைகள் அரைத் துண்டு பாணுக்கு மேல் தின்பதில்லை, பகலில் ஹோட்டலில் நிற்பதே இல்லை, பிறகு எதற்கு என்று ஒவ்வொரு நேரமாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னான்.

"அதோட, சாப்பாடுதான் எங்களுக்கு அண்ணியிட்டச் சும்மா கிடைக்குதே," என்றான்.

ராசமலரின் கை திருவலையில் நின்றது.

"அக்காவுக்குக் கஷ்டமெல்லோ," என்றது கௌசிகாவின் குரல்.

"அதில என்ன கஷ்டம்?" என்றார் இரத்தினசிங்கம். "அவவுக்கு அது ஒரு சந்தோஷம்."

அவர் அதைக் கோபமாகவோ இளக்காரமாகவோ சொல்லவில்லை. மனைவியைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதாகத்தான் நினைத்தார். ராசமலருக்கு அதுதான் தாங்கவில்லை. சும்மா என்று சொன்னவன் வெளியூரில் இருந்து வந்தவன், அவனுக்கு என்ன தெரியும். இந்த மனிதருக்கு, இந்தக் குசினிக்கு அடுத்த அறையில் இத்தனை காலம் படுத்தெழும்பிய மனிதருக்கு, அவள் சந்தோஷம் எது என்று கேட்காமலே தெரிந்திருந்தது.

அவள் எழும்பிக் கையைக் கழுவினாள். அறைக்குள் போய்ச் சட்டையை மாற்றி, கச்சேரிக்கு உடுக்கிற நீலச் சேலையை உடுத்தாள். அலுமாரியில் இருந்து இரண்டு நாளைக்கு வேண்டிய உடுப்பை எடுத்து ஒரு பையில் வைத்தாள். கைப்பைக்குள் அடையாள அட்டையும் வங்கி அட்டையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"தம்பி, அந்த மேல்மாடி அறை இன்னும் இருக்குமோ?"

ஜெயக்காந்தன் நிமிர்ந்து பார்த்தான். "இருக்கும் அண்ணி. ஆனா நாங்கள் எடுக்கேல்லை. சரிவராது."

"எனக்குக் கேட்டனான். சாப்பாட்டோட."

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு ஜெயக்காந்தன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். இரத்தினசிங்கம் அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரோ?" என்றார். "சொந்த வீட்டை வைச்சுக்கொண்டு?"

"நண்டு கழுவி வைச்சிருக்கு," என்றாள் ராசமலர். "தேங்காய் பாதி துருவினபடி கிடக்கு. மிச்சத்தைப் பாருங்கோ."

செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

வீதியில், ஊருக்குள் திரிகிற மான் இரண்டு குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டு நின்றன. அவற்றை விலத்திக்கொண்டு நடந்தாள். ஓட்டோ எடுக்கவில்லை. ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் மூச்சு வாங்கியது, கோபமும் கொஞ்சம் இறங்கியது. இறங்கிய இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. தெரிந்தவர்கள் யாராவது கண்டு கேட்டால் என்ன சொல்வது? அப்படியே ஒருத்தி எதிரே வந்தாள், கச்சேரியில் அடுத்த கிளையில் வேலை செய்கிற நஜ்முன் நிஸா. பையோடு எங்கே பயணம் என்று கேட்டாள்.

"ஹோட்டலுக்கு. தங்கப்போறன்," என்றாள் ராசமலர்.

நஜ்முன் நிஸா பகிடி என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்வது இவ்வளவு இலகுவா என்று ராசமலருக்கு ஆச்சரியமாக இருந்தது. மிச்ச ஏற்றத்தை விறுவிறென்று ஏறினாள்.

ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ரிஸ்லா என்று மார்பில் பெயர் குத்திய ஒரு பெண் இருந்தாள். மேல்மாடி அறை, இரண்டு இரவு, சாப்பாட்டோடு என்று கேட்டதும் முகம் மலர்ந்து கணினியைப் பார்த்தாள். அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பியதும் முகம் மாறியது.

"மேடம் இந்த இடம்தானா?"

"ஓம். லிங்கநகர்."

ரிஸ்லா அட்டையை மேசையில் மெதுவாக வைத்தாள். உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை கொடுப்பதில்லை என்பது இங்கே ஒரு ஒழுங்கு என்றாள். தன்னுடைய முடிவில்லை, மன்னிக்கவேண்டும் என்றாள். சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ராசமலர் ஏன் என்று கேட்டாள். பிரச்சினைகள் வரும் மேடம் என்றாள் ரிஸ்லா. என்ன பிரச்சினை என்று கேட்க, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய் முகாமையாளரைக் கூட்டிவந்தாள்.

முகாமையாளர் ஜவ்பர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், பேச்சுப் பழகியவர். ராசமலரைக் கதிரையில் இருத்திப் பழரசம் கொண்டுவரச் சொன்னார். ஊர்ப் பொடியள் அறை எடுத்துக் குடித்துக் கூத்தடிக்கிறார்கள், பிறகு வீட்டுக்காரர் வந்து சண்டை, பொலிஸ், அதனால்தான் அந்த ஒழுங்கு என்று விளக்கினார்.

"நான் குடிச்சுக் கூத்தடிக்க வந்தவள் மாதிரியோ தெரியுது?"

ஜவ்பர் சங்கடப்பட்டார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். மேடத்தின் சொந்தக்காரர் கனடாவிலிருந்து வந்து கீழே தங்கியிருக்கிறார், முதல் நாள் மேடம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தது ஞாபகம் என்று ரிஸ்லா சொல்கிறாள். அவரை ஒரு ஃபோன் எடுக்கச் சொன்னால் போதும், அவருடைய பெயரில் அறையைப் போட்டுவிடலாம். இல்லையென்றால் ஐயாவை, அதாவது அவளுடைய கணவரை, ஒருக்கால் வந்து போகச் சொல்லலாம்.

"அறையில தங்கிறது நான். காசு குடுக்கிறது நான். பேர் மட்டும் வேற ஆளின்ரயோ?"

"ஒரு ஒழுங்குக்காகத்தான் மேடம். இன்னுமொண்டு சொல்றன், கோவிக்காதீங்க. ஒராளுக்கும் ரெண்டு பேருக்கும் அந்த அறை ஒரே விலைதான். தனிய ஒராள் மூண்டு நேரமும் எவ்வளவு சாப்பிடப் போறீங்க? உங்களுக்கு அது பிரயோசனமில்லை."

சாப்பாட்டோடு அறை நட்டம் என்று அன்று அவள் காதில் விழச் சொல்கிற இரண்டாவது ஆள் இவர். ராசமலர் பழரசத்தை நகர்த்தி வைத்தாள். கச்சேரியில் இருபது வருஷத்துக்கு மேலாக மக்களுக்கு இல்லை என்று சொல்கிற மேசைகளுக்கு நடுவே இருந்தவள் அவள். வாயால் இல்லை என்று சொல்வது எவ்வளவு சுகம், கையெழுத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"பிரயோசனமோ இல்லையோ எண்டதை நான் பாக்கிறன் தம்பி," என்றாள். "நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. திருகோணமலையில பிறந்து திருகோணமலையில இருக்கிற ஆளுக்கு இந்த ஹோட்டலில அறை இல்லை எண்டு ஒரு கடுதாசியில எழுதி, உங்கட பேரையும் போட்டுக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. நான் போயிடுறன்."

ஜவ்பர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அப்படியெல்லாம் எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்றார். சரி, வழக்கம் வரும்வரைக்கும் இருக்கிறேன் என்று சொல்லி அவள் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வெள்ளைக்காரச் சோடியொன்று வந்து சாவி வாங்கிப் போனது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய குடும்பம் பெட்டிகளோடு வந்திறங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் வாசலுக்கு நேரே நீலச் சேலையோடு நிமிர்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஜவ்பர் இரண்டுமுறை உள்ளே போய் இரண்டுமுறை வெளியே வந்தார். பிறகு ரிஸ்லாவிடம் ஏதோ சொல்லிவிட்டு அந்தப் பக்கமே வரவில்லை.

ரிஸ்லா ஓடிவந்து அட்டையைக் கேட்டாள். "உங்கட பேர்லயே போடுறன் மேடம்," என்றாள். அவளுக்கு ராசமலரைவிடச் சந்தோஷம்.

அறைக் கதவைத் திறந்ததும் ராசமலர் முதலில் செய்த வேலை, கட்டிலில் ஒரு பக்கம் சற்று மடிந்திருந்த விரிப்பை இழுத்துச் சரிசெய்தது. பிறகு தன்னையே ஏசிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். உட்துறைமுகம் முழுக்கக் கீழே கிடந்தது. நங்கூரம் போட்ட இரண்டு கப்பல், அவற்றைச் சுற்றிச் சின்ன வள்ளங்கள், அக்கரையில் கிண்ணியாப் பக்கத்து மரங்கள் கறுப்பாகத் தெரிந்தன. அவள் பிறந்த நாளிலிருந்து இந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். பஸ்ஸுக்குள் இருந்தும் கச்சேரி யன்னலுக்குள்ளாலும் பார்த்திருக்கிறாள். ஒரு கதிரையில் இருந்து, வேறு வேலை இல்லாமல், அது இருட்டும்வரை பார்த்ததில்லை. சீனக்குடாப் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கின. அவள் எழும்பவில்லை.

இடையில் ஃபோன் அடித்தது. இரத்தினசிங்கம்தான். விளையாட்டு போதும், எல்லோரும் பசியோடு இருக்கிறார்கள், வா என்றார். வரமாட்டேன் என்றாள். அவர் குரலைத் தாழ்த்தி, தம்பி குடும்பத்துக்கு முன்னால் தன்னை இப்படிக் கேவலப்படுத்தலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளைக் கொஞ்சம் அசைத்தது. அந்த மனிதர் கெட்டவரில்லை. போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு அவர், "நண்டு வேற பழுதாகப் போகுது," என்றார். அவள் ஃபோனை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் தனியாக ஒரு மேசையில் இருக்க முதலில் கைகால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பரிசாரகன் ஒருவன் கதிரையை இழுத்துக் கொடுத்தான். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு நீளமான மேசையை ஒருமுறை முழுக்கச் சுற்றி, மூடிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். மீன் குழம்பில் புளி காணாது, தூள் பச்சையாக மணத்தது. பருப்பு பரவாயில்லை. வறுத்த இறால் நல்ல இறால், ஆனால் கூடப் பொரித்துக் கெடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, ஆற அமர இருந்து, குறை கண்டு குறை கண்டு எல்லாவற்றையும் தின்றாள். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தார்கள். அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க ஏலாமல் இருந்தது. இரண்டாம் முறை போய் எடுத்தாள், மூன்றாம் முறையும் போனாள்.

காலையில் அவள் இடியப்பத்தோடு இருக்கும்போது இரத்தினசிங்கம் வந்து நின்றார். சவரம் செய்து, நல்ல சேர்ட் போட்டிருந்தார். கண்கள் நித்திரை கொள்ளாத கண்கள். எதிர்க் கதிரையில் இருந்து, சுற்றிவரப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசினார். ராத்திரி கடையில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்களாம். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லையாம்.

"ஊர் சிரிக்கும் ராசு," என்றார்.

"சிரிக்கட்டும்."

"உமக்கு விருப்பமெண்டுதானே நான் நினைச்சன். நீர் ஒரு நாளாவது ஏலாது எண்டு சொன்னனீரோ?"

அவள் இடியப்பத்தைக் கோப்பையில் வைத்துவிட்டு அவரை நேரே பார்த்தாள். "நீங்கள் ஒரு நாளாவது கேட்டனீங்களோ?" என்றாள். "எனக்குச் சமைக்க விருப்பம்தான். நீங்கள் எல்லாருக்கும் வாக்குக் குடுத்துப்போட்டு, நான் நிண்டு அவிக்கிறதுக்குப் பேர் விருப்பமில்லை. நானும் லீவு எடுத்தனான். அது என்ர லீவு."

அந்த நேரம் பார்த்துப் பரிசாரகன் வந்து, ஐயாவும் காலைச் சாப்பாடு எடுக்கிறாரா, அறையில் பதியாதவர் என்றால் தனியாகப் பணம் கட்டவேண்டும் என்று பணிவாகச் சொன்னான். இரத்தினசிங்கம் மனைவியைப் பார்த்தார். இது என்னுடைய ஆள், என் கணக்கில் போடு என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்.

"அவர் இஞ்ச தங்கேல்லை," என்றாள் ராசமலர். "வேணுமோ எண்டு அவரிட்டயே கேளுங்கோ."

இரத்தினசிங்கம் எழும்பிப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மனம் கனத்தது. அதை அவள் தனக்குள் மறைக்கவில்லை. கனத்த மனத்தோடே இன்னொரு இடியப்பம் எடுத்துச் சம்பலில் தொட்டுத் தின்றாள்.

மத்தியானம் கௌசிகா மேலே வந்து கதவைத் தட்டினாள். கூட்டிப்போக வந்திருக்கிறாளாக்கும் என்று ராசமலர் முகத்தை இறுக்கிக்கொண்டு திறந்தாள். கௌசிகா உள்ளே வந்து பால்கனிக் கதிரையில் இருந்து காலை நீட்டினாள்.

"நாங்களும் மேல மாறிட்டம் அக்கா," என்றாள். "சாப்பாட்டோட. காலையில கடைச் சாப்பாடு தேடித் திரிஞ்சு, பிள்ளையளுக்குப் பசி எடுத்து, வானுக்குள்ள சண்டை. இவர் திரும்பவும் கணக்குப் பார்த்தார். இந்த முறை வேற விடை வந்தது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு கௌசிகா, முதல் நாளே தான் எழும்பிக் குசினிக்குள் நின்றிருக்க வேண்டும், இருக்கச் சொன்னதும் போய் இருந்தது பிழை என்றாள். ஓம், பிழைதான் என்றாள் ராசமலர். அதை ஆற்றிப் பேசவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கௌசிகாவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கீழே ஒரு கப்பல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஜெயக்காந்தன் தன் மேசைக்கு அண்ணியை அழைத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. சும்மா என்று தான் சொன்னது காதில் விழுந்திருக்கும் என்று அவனுக்கு இப்போது விளங்கியிருந்தது. அதைப் பற்றி ஏதோ தொடங்கி, பாதியில் விட்டு, தண்ணீர் குடித்தான். அவள் அவனை வற்புறுத்தவில்லை, உதவி செய்யவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெரியவன் பழக்கதோஷத்தில் வெறுங்கோப்பையை அவளிடம் நீட்டினான்.

"பெரியம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ராசமலர் அந்த நீளமான மேசையைக் கையால் காட்டினாள். "அங்க கிடக்கு ராசா. எழும்பிப் போய் எடு."

பையன் எழும்பிப் போனான். போனவன் சின்னவளுக்கும் சேர்த்து எடுத்து வந்தான்.

மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டு அவள் சரிவில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். இரத்தினசிங்கம் கூடத்தில் பத்திரிகை விரித்துக்கொண்டிருந்தார். அவள் வருவதைக் கண்டும் தலையை எடுக்கவில்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். நண்டு வாடை அடித்தது. ஒரு சட்டியில் அடிப்பிடித்த ஏதோ கிடந்தது, தொட்டி நிறையக் கழுவாத கோப்பை. அவருக்கும் பசித்திருக்கிறது, அவரும் ஏதோ முயன்றிருக்கிறார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருக அவள் கை தானாகப் போனது. அதைப் பிடித்து நிறுத்தினாள். திரும்பி வந்து அவருக்கு எதிரே கதிரையில் இருந்தாள்.

அவர் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார். மின்விசிறி சுற்றியது.

"எப்பிடி?" என்றார் அவர் கடைசியில், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து. "குடுத்த காசுக்குப் பிரயோசனமாயிருந்ததோ?"

அவர் குத்துவதற்குக் கேட்டாரோ, உண்மையாக அறியக் கேட்டாரோ, இரண்டுமாகத்தான் இருக்கவேண்டும். ராசமலர் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள்.

"மீன் குழம்பு சரியில்லை. தலைகணி உயரம். ஏசியை எப்பிடிக் குறைக்கிறதெண்டு தெரியாமல் விறைச்சுப்போனன்," என்றாள். "அடுத்த வருஷமும் போவன்."

பத்திரிகை கீழே இறங்கியது. அவர் அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை, அது முகத்தில் தெரிந்தது. ஆனால் எழும்பினார். செருமிக்கொண்டு குசினிக்குள் போனார். தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, ஒரு கோப்பை இன்னொன்றில் இடிபட்டது. பிறகு காஸ் அடுப்பு பற்றவைக்கும் சத்தம். அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின.

"தேயிலை எங்க கிடக்கு?" என்று அங்கிருந்து கேட்டார்.

ராசமலர் காலை முன்னால் நீட்டி, தலையைக் கதிரையில் சாய்த்தாள்.

"தேடுங்கோ," என்றாள்.